நான்கெல்லை

மாசிலாமணியை எனக்கு
முதலில் கட்டைவிரலாகத்தான் தெரியும்.
அம்பத்தூர் சார்பதிவகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதி என் ஆபீஸ்,
உரிமம் பெற்ற பத்திர எழுத்தன்.
ரேகை வைக்க அவருக்கு மை தேவைப்படவில்லை.
பாடியில் வார்ப்படப் பட்டறை;
ரேகைக்குள் கரி ஏற்கெனவே இருந்தது.

பழைய தண்டவாளம், பிரேக் ட்ரம்,
உடைந்த தையல் மெஷின் கால்,
எதைப் போட்டாலும் உலை வாங்கிக்கொள்ளும்.
ராத்திரி இரண்டு மணிக்குக் குழம்பு இறங்கும்.
நிறம் பார்த்தே சூடு சொல்வார்:
"எலுமிச்சைக்கு வரலடா, ஆரஞ்சுலயே நிக்குது."
பாதாளச் சாக்கடை மூடிகள்தான் பெரிய வரும்படி.
பட்டணத்தின் வாயை மூடுகிறவன் நான் என்பார்.
கட்சி சேராத காலத்துச் சிரிப்பு அது.

முதல் கிரயம் பதினாலு சென்ட்.
வடக்கே தணிகாசலம் வகையறா புஞ்சை,
தெற்கே வண்டிப்பாதை,
கிழக்கே பச்சையம்மாள் மனை,
மேற்கே ஏரி,
இந்த நான்கெல்லைக்குட்பட்ட நிலத்தை
சர்வ சுதந்திர பாத்தியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷப் பத்திரத்தில்
கிழக்கே மாசிலாமணி.
அதற்கடுத்து வடக்கே.
வண்டிப்பாதை என்ன ஆனதென்று
அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.
எண்பத்தொன்பதில் வந்த கிரயத்தில்
மூன்று பக்கமும் அவரே.
மேற்கே என்று எழுதி நின்றேன்.
"என்னய்யா, மை தீந்துபோச்சா?"
தீரவில்லை.
அடித்தால் ஓரத்தில் சுருக்கொப்பம் வேண்டும்,
எழுதாமல் விட்டால் ஒன்றும் வேண்டாம்.
அந்த இரண்டெழுத்துக்குக்
கூலி கூட்டித்தான் கொடுத்தார்.
கூடவே மூன்றாம் குறுக்குத் தெருவில் ஒரு மனை, பாதி விலைக்கு.
மகளுக்கு வாங்கினேன்.

இரண்டாயிரத்து ஆறில் தேர்தலில் நின்றார்.
சொத்துப் பிரமாணமும் என் மேஜைக்கே வந்தது.
தொழில் என்ற கட்டத்தில் 'இரும்பு' என்று தொடங்கினேன்.
"விவசாயம்னு போடு."
என்ன பயிர் என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்து,
"மனை" என்றார்.
ஜெயித்தார். இரண்டு தடவை.

அப்புறம் அந்த டிசம்பர்.
மாசிலாமணி நகரில் இடுப்பளவு தண்ணீர்,
மகள் வீட்டு கேஸ் சிலிண்டர்
வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.
வேட்டியை மடித்துக் கட்டி
கடப்பாரையோடு வந்தார், எழுபது வயதில்.
மாடியிலிருந்து பெண்கள் திட்டினார்கள்,
இங்கே எழுத முடியாத சொற்கள்.
அவர் காலால் தடவித் தடவி
மூடியைக் கண்டுபிடித்தார்,
புடைத்த எழுத்துகளைப் பெருவிரலால் கூட்டினார்:
மா... வா... ப...
அவர் பட்டறையின் முத்திரை.
ஒரே நெம்பில் எழுந்து வந்தது.
"பில்லுல நூறு கிலோ," என்றார் என் காதருகே,
"இது அறுபதுகூட இருக்காது."
வெட்கமில்லை குரலில்.
நிறம் பார்த்துச் சூடு சொல்கிற அதே குரல்.

தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.
உள்ளிருந்து மேலே வந்தது.

மூடியைத் திரும்பப் போட
ஐந்து பேர் வேண்டியிருந்தது.
அறுபது கிலோதான்.
அவர் ஓரமாக நின்று
கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சேறும் கரியும் ஒரே நிறம்.

போன மாதம் மகன்கள் வந்தார்கள்,
பாகப்பிரிவினைக்கு.
மனைகள் எண்பத்திரண்டு, திருமண மண்டபம் ஒன்று.
பட்டறை நிலம் மட்டும் இருவருக்கும் வேண்டாம்;
எங்கே தோண்டினாலும் கசடு வருகிறதாம்,
அஸ்திவாரத்துக்கு ஆகாதாம்.
அதைத் தங்கை பேருக்கு எழுதச் சொன்னார்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷத்துச் சொத்துக்கு
நான்கெல்லை எழுதும்போது
மேற்கே என்று போட்டு,
இந்தத் தடவை நிற்காமல்
இரண்டெழுத்தும் எழுதினேன்.

பெரியவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தான்.
"சார், அங்க ஏரி இல்லியே."